சூட்டு அலுமாரி முட்டைகள்

இப்போது தவளை முட்டையை எண்ண ஆள் வேண்டாமாம். பெட்டிக்குள் கமரா வைத்திருக்கிறார்களாம். மணிக்கு ஒரு படம் எடுக்கிறதாம். உயிருள்ளது எத்தனை, செத்தது எத்தனை என்று கம்பியூட்டரே சொல்லிவிடுகிறதாம்.

போன மாதம் ஆய்வு நிலையத்தில் இருந்து ஒரு தம்பி வந்து இதைச் சொன்னார். நிலையத்துக்கு நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள். பழைய ஆட்கள் எழுதித் தர வேண்டுமாம்.

"நான் அஞ்சாம் வகுப்பு தம்பி. எனக்கு எழுத்து ஓடாது" என்றேன்.

"இருபத்தேழு வருசம் எண்ணியிருக்கீங்களேண்ணே. எண்ணுன கதைய எழுதுங்க."

அவர் போன பிறகு கடையில் ஒரு கொப்பி வாங்கினேன். நான் இருக்கும் அறையில் பேச ஆள் இல்லை. எழுத நேரம் உண்டு.

நிலையம், டயகம பாதையில் இருந்து ஏறிப்போகும் ஒரு தோட்டத்தின் உச்சியில் இருக்கிறது. முன்பு அது சின்னத்துரை பங்களா. கீழே தேயிலை, மேலே காடு. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டச் சனம் அதைத் தவக்களை பங்களா என்பார்கள்.

நான் அங்கே போனது படிப்பால் இல்லை. அதற்கு முன் தேயிலையில் கவ்வாத்து வெட்டினேன். என் மனைவி பாக்கியம் கொழுந்து எடுத்தாள். கல்யாணமாகி நாலாம் வருடம் அவளுக்கு நெஞ்சில் நோய் வந்தது. ஆறு மாதம் இழுத்தது. அந்த ஆறு மாதமும் கொழுந்து எடுக்க மலைக்குப் போனாள். பாதிக் கூடைதான் எடுக்க முடியும். பக்கத்து நிரைகளில் நிற்கும் பெண்கள், நிறுக்கப் போகும் முன் ஆளுக்கு ஒரு கை கொழுந்தை அவள் கூடையில் போடுவார்கள். ஒரு நாள்கூட அவள் நிறை குறையவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவளும் நன்றி சொன்னதில்லை. அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை. இன்றைக்கு இவளுக்கு, நாளைக்கு இன்னொருத்திக்கு.

பாக்கியம் போன பிறகு லயத்தில் இருக்க முடியவில்லை. பங்களாவுக்குக் காவலுக்கு ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். போனேன். பின்பக்கம் ஓர் அறை தந்தார்கள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு. போதுமாக இருந்தது.

தவளை வேலையை எனக்குத் தந்தவர் மாத்தியா; சிங்களத்தில் ஐயா என்று அர்த்தம். அவர் பெரிய படிப்புப் படித்த சிங்களவர். அட்டனில் வளர்ந்தவர், நம் பேச்சு அவருக்கு வரும். கண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்தில், நாங்கள் கெம்பஸ் என்போம், படிப்பித்துவிட்டு புதன்கிழமைகளில் ரயிலில் நானுஓயா வந்து, அங்கிருந்து வேன் பிடித்து ஏறி வருவார். சீனி போடாத சாயத் தேத்தண்ணி குடிப்பார். எண்ணத் தொடங்கும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். கெட்டிக்காரன் என்றோ மடையன் என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. வேலை சரியாக இருந்தால் "ம்" என்பார். அவ்வளவுதான்.

முதல் இரண்டு வருடம் பார்த்துப் பழகினேன். எந்தச் சத்தம் எந்தத் தவளை என்று காது கண்டுகொண்டது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஒரு நாளைச் சொல்ல வேண்டும். ஆறு தவளை பிடிக்க அரசாங்கத்தில் இருந்து அனுமதித் தாள் வந்திருந்தது. நான் ஏழு பிடித்து வந்தேன். கூட ஒன்று இருந்தால் மாத்தியாவுக்கு உதவும் என்று நினைத்தேன்.

மேசையில் பெட்டியை வைத்தேன். அவர் எண்ணினார்.

"தாள்ல எத்தனை?"

"ஆறு மாத்தியா. ஒண்ணு தானா வந்து கையில ஏறுச்சு."

"எங்க ஏறிச்சு?"

"பதினோராம் நம்பர் மலைக்கு மேல. ஓடைக்கிட்ட ஒரு செடியில."

"அந்தச் செடியில விட்டுட்டு வா."

நல்ல மழை. போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். வழியில் கொழுந்து லொறி நின்றது. சாரதி கண்ணாடியை இறக்கினான்.

"என்ன பெருமாளு, கையில என்ன?"

"தவக்களை. அது எடத்துல விடப் போறேன்."

"அடப்பாவி. நாங்க லயத்துக் காம்பரா ஒழுகுதுன்னு மூணு வருசமா சொல்றோம், ஒரு தகரம் வரல. ஒந் தவக்களைக்கு ஆள் வச்சு வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுறாங்க."

லொறியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

திரும்பி வந்தபோது மாத்தியா அதே நாற்காலியில் இருந்தார். வேனைப் போகச் சொல்லிவிட்டார்.

"அதே செடியா?"

"அதே செடிதான்."

"ம்" என்றார்.

கூடினாலும் தப்புத்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். குறைவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆய்வுக்குப் போத்தலில் வைக்க, பிடித்த தவளையைக் கொல்லும் வேலையும் இருந்தது. மருந்து கலந்த தண்ணீரில் விட வேண்டும். அது மெல்ல மயங்கும். அசைவு நின்ற பிறகும் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். முதல் தடவை நான் சீக்கிரம் எடுக்கப் போனேன். மாத்தியா என் கையைப் பிடித்தார். "இரு" என்றார். அத்தனை நேரமும் அவரும் நின்றார். பிறகு காலில் நூலால் சீட்டுக் கட்டி, போத்தலில் போட்டோம். அன்றைக்கு அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. பின்னாளில் அந்த வேலை குறைந்துபோனது. உயிரோடு வைத்துப் பார்ப்பதுதான் அதிகம்.

முட்டை வேலையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். எங்கள் காட்டுத் தவளை குளத்துத் தவளை மாதிரி இல்லை. அதற்குத் தலைப்பிரட்டை கிடையாது. தண்ணீருக்கும் போகாது. மழை தொடங்கியதும் பெண் தவளை இலைச் சருகுக்குக் கீழே சின்னக் குழி தோண்டி முட்டை இடும். பின்காலால் மண்ணைப் பிசைந்து முட்டையில் பூசும். மேலே சருகைத் தள்ளி மூடும். பார்த்தால் மண் உருண்டை மாதிரி இருக்கும். கண் பழகாதவன் மிதித்துவிட்டுப் போவான்.

விடிந்த கையோடு போக வேண்டும். விரலால் தொடக்கூடாது. கரண்டியை மண்ணோடு அடியில் விட்டுத் தூக்க வேண்டும். பாசி விரித்த பெட்டியில் வைக்க வேண்டும். சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும். பேனா என்றால் மழையில் கரைந்துவிடும். பங்களாவுக்கு வந்து, வர்ணம் பூசும் மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்து ஈரத் தாள் விரித்த கண்ணாடித் தட்டில் அடுக்க வேண்டும். பைப்புத் தண்ணீர் ஆகாது. பிடித்துத் தெளிய வைத்த மழைத் தண்ணீர். அதையும் துளியாக விடக்கூடாது, புகை மாதிரித் தெளிக்க வேண்டும்.

பத்தாம் நாள் பக்கம் லென்சில் பார்த்தால் உள்ளே கால் முளைத்திருக்கும். முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகும். ஐந்தாம் வாரம் கிழித்துக்கொண்டு வெளியே வரும். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. வந்த உடனே குதிக்கும்.

செத்த முட்டை வெள்ளையாகப் போகும். வேகாத ஜவ்வரிசி மாதிரி. அதை எடுத்து ஸ்பிரிட் போத்தலில் போட்டு, எத்தனை என்று கொப்பியில் எழுத வேண்டும். எண்ணினவர் பேர் எழுத ஒரு கட்டம் இருக்கும்.

அதுவரை நான் செய்தது பொரிக்க வைக்கும் வேலை. எவ்வளவு பொரித்ததோ அவ்வளவு நல்லது என்று நினைத்திருந்தேன். பல வருடம் அது சரியாகவும் இருந்தது.

பிறகுதான் சுகந்தி மிஸ் வந்தார். கொட்டகலைப் பக்கத் தோட்டப் பிள்ளை. பட்டத்துக்கு மேல் பட்டம் படிக்க, மாத்தியாவுக்குக் கீழே ஆய்வுக்கு வந்திருந்தார். வந்த அன்று கீழ் லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் வேலியருகே வந்து நின்றார்கள்.

"நம்ம புள்ளையாமே. பார்த்தா தொரைசாணி மாதிரி இல்லையே" என்றாள் ஒருத்தி.

"எங்கம்மாவும் கொழுந்துக் கூட தூக்குனவங்கதான் அக்கா" என்று மிஸ் உள்ளே இருந்து சொன்னார். அவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

என்னை முதல் நாளே மாமா என்றார். நான் மிஸ் என்றேன்.

"மிஸ்னு கூப்புடாதீங்க மாமா. பேரச் சொல்லுங்க."

"அது வராதுங்க மிஸ்."

சிரித்தார். அந்தப் பங்களாவில் பகலில் ஆள் சிரித்துக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. சமைத்தால் இரண்டு பேருக்குச் சமைத்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் வேலை இதுதான். மூன்று அலுமாரி. ஒன்று குளிர், காட்டு மண் மாதிரி. ஒன்று நடு. ஒன்று சூடு, உள்ளே பல்பு எரியும். ஒரு தாயின் முட்டையை மூன்றாகப் பிரித்து மூன்றிலும் வைக்க வேண்டும். ஒரு தட்டில் இருபது. பிரித்து மிஞ்சியதை நான் வெராண்டாவில் ஒரு தட்டில் வைத்து வளர்த்து, பொரித்ததும் காட்டில் எடுத்த இடத்திலேயே விடுவேன். நாள்தோறும் எண்ண வேண்டும்.

முதல் வருடம் கரண்ட் போய் எல்லாம் கெட்டது. கெம்பஸ் கொடுத்த காலத்தில் இன்னும் ஒரு மழைதான் மிச்சம். இது போனால் படிப்புப் போச்சு என்று மாத்தியா நான் இருக்கும்போதே சொன்னார்.

இரண்டாம் மழையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சனி, ஞாயிறு மிஸ் வீட்டுக்குப் போவார். அங்கே பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துத்தான் குடும்பம் நடந்தது. அந்த இரண்டு நாளும் நான் எண்ணுவேன்.

மூன்றாம் வாரம் சூட்டு அலுமாரியில் சாகத் தொடங்கியது. ஒரு தட்டில் நாலு. இன்னொன்றில் ஆறு. திங்கள் காலை மிஸ் வந்து கொப்பியைப் பார்த்தார். வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

"இவ்வளவு போகும்னு நெனைக்கல மாமா" என்றார்.

முகம் வாடிவிட்டது. பின்னேரம் வெளியே நின்று தாயோடு போனில் பேசினார். "எல்லாம் செத்துக்கிட்டே இருக்கும்மா" என்றது என் காதில் விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை அலுமாரியைத் திறந்தேன். நாலாம் தட்டில் ஐந்து வெள்ளையாகக் கிடந்தது. வெராண்டாத் தட்டில் அதே தாயின் முட்டை, அதே வயது, உயிரோடு இருந்தது. தூரிகையை எடுத்தேன். ஐந்தைப் போட்டேன். செத்த ஐந்தையும் எறிந்தேன்.

ஒரு கூடை குறைந்தது, கைக்கொழுந்து போட்டேன். அவ்வளவுதான் மனதில் இருந்தது. ஆனால் எல்லாம் முழுசாக இருந்தால் சந்தேகம் வரும் என்று, மற்றத் தட்டுகளில் ஒன்று இரண்டை மாற்றாமல் விட்டு, செத்ததாக எழுதினேன். அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. ஒளித்துத்தான் செய்தேன்.

மூன்று வாரக் கடைசி அப்படிச் செய்தேன். வெராண்டா முட்டை குளிரில் வளர்ந்தது, இடைநாளில் அவ்வளவாகச் சாகவில்லை. திங்கட்கிழமைகளில் மிஸ் தேத்தண்ணி குடித்தார்.

பொரிப்பு முடிந்த வாரம் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். அதில் மூன்று கோடு.

"இங்க பாருங்க மாமா. குளிர் இது, நடு இது, சூடு இது. மூணும் கிட்டத்தட்ட ஒண்ணா போகுது. நான் எதிர்பார்க்கவே இல்ல. சூட்டுக் கோடு மொதல்ல விழுந்து, பொறகு நின்னுடுச்சு."

"அப்படின்னா என்னங்க மிஸ்?"

"வருசா வருசம் நம்ம மலை சூடாகுதுல்ல. அந்தச் சூட்ட இந்தத் தவக்களை தாங்கும்னு அர்த்தம். இதுக்குக் கவலப்படத் தேவையில்லைன்னு எழுதப் போறேன்."

"செத்துச்சுன்னா?"

"செத்துச்சுன்னா, தாங்காதுன்னு எழுதுவேன். எது நடந்துச்சோ அதான மாமா. எத்தன சாகுதுன்னு பார்க்கத்தான சூட்டுலயே வச்சோம்."

நான் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எதற்கு எண்ணுகிறோம் என்று அத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை. காவல்காரனாக வந்தவனுக்கு எதற்கு என்று இருந்திருக்கலாம். அதைக் குறையாக எழுதவில்லை.

மூன்று நாள் இருந்தேன். சொன்னால் அவர் படிப்புப் போய்விடும். சொல்லாவிட்டால் படிப்பு நிற்கும், தாளில் இருப்பது பொய். யாரிடமும் கேட்க முடியாது. பாக்கியம் இருந்திருந்தால் அவளிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். அவள் கூடையை நிரப்பியவர்கள் செய்தது தப்பா என்று கேட்பாள்.

நாலாம் நாள் காலை மிஸ் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"மிஸ், சூட்டு அலுமாரியில நான் முட்ட போட்டேன்."

"என்ன முட்ட?"

"வெராண்டாவுல இருந்து எடுத்து. செத்ததுக்குப் பதிலா."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் பைப்பை மூடினேன்.

"எத்தன தட்டு?"

"பதினாலு இருக்கும்."

"ஏன் மாமா?"

"உங்க மொகம் வாடிப்போச்சு."

அவர் கையைத் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். "என் மொகத்துக்காகவா?" என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

துணியை வைத்துவிட்டு, "மாத்தியாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்று கேட்டார்.

"நான் சொல்றேன்."

அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை மாத்தியா வந்தார். நின்றபடி எல்லாம் சொன்னேன். அவர் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். சூட்டு அலுமாரிக் கொப்பியைத் திறந்து, பென்சிலை என் பக்கம் தள்ளினார்.

"எழுது. எந்தத் தட்டு, எந்த நாள், எத்தனை."

"எங் கையெழுத்து கோணலா இருக்கும் மாத்தியா."

"இருக்கட்டும்."

உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு தட்டாக மனதில் கொண்டு வந்தேன். பதினொன்று சரியாக வந்தது. மூன்று வரவில்லை. எண்ணிக்கை மறந்துவிட்டது. குத்துமதிப்பாகப் போட்டால் பக்கம் முடிந்துவிடும். பென்சிலை வைத்தேன்.

"மூணு தெரியல."

"தெரியாதுன்னு எழுது."

மூன்று இடத்தில் தெரியாது என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அவர் முழுவதும் வாசித்தார். "ம்" வரவில்லை.

"வேலை போகுமா மாத்தியா?"

பென்சிலைத் தன் பக்கம் இழுத்தார். "எதுக்கு எண்ணுறோம்னு நான் உனக்குச் சொல்லல. இந்தப் பக்கத்தை நான் கிழிக்க மாட்டேன். நீயும் இரு" என்றார். பக்கத்தின் அடியில் தன் கையெழுத்தையும் போட்டார்.

அந்த மழையின் வேலை முழுதும் வீணானது. சூட்டு அலுமாரி இல்லாமல் மற்ற இரண்டையும் வைத்து ஒன்றும் எழுத முடியாதாம். மிஸ்ஸுக்குக் கொடுத்த காலம் முடிந்தது. டயகமப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். பங்களாவில் நான் மட்டும். திரும்ப ஒரு ஆளுக்குச் சமைத்தேன். அளவு பிடிபட ஒரு மாதம் ஆனது.

தீபாவளிக்கு முன் கொட்டகலைக் கடைத்தெருவில் மிஸ்ஸின் தாயைக் கண்டேன். முன்பு ஒருமுறை மகளைப் பார்க்க வந்து என் கையால் சாப்பிட்டவர். பக்கத்தில் போனேன்.

"நல்லாருக்கீங்களாக்கா?"

"இருக்கோம்" என்றார். கையில் எடுத்த வெங்காயத்தை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். அந்த வெங்காயத்தை நான் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாத்தியா விடவில்லை. கெம்பஸுக்கு எழுதி எழுதி, சம்பளம் இல்லாமல் இன்னும் ஒரு மழை வாங்கிக் கொடுத்தார். மிஸ் திரும்பி வந்தார். ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், வாசிக்கிறவர்கள் தவிக்க வேண்டாம். அவருக்குப் பட்டம் கிடைத்தது. சூட்டில் பாதிக்கு மேல் செத்தது என்று எழுதித்தான் கிடைத்தது. இப்போது எங்கேயோ வெளிநாட்டில் தவளை வேலைதான் பார்க்கிறாராம். நான் சொல்ல வந்தது அதற்கு நடுவில் நடந்தது.

அந்த மழையில் அவர் விடிய எழுந்து பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போவார். மூன்று மணிக்குத் திரும்பி வந்து எண்ணுவார். சனி, ஞாயிறும் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று அலுமாரிக்கும் பூட்டு வாங்கி வந்து போட்டார். சாவி அவரிடம். எனக்கு முட்டை கொண்டு வரும் வேலையும் அடுப்பு வேலையும் மட்டும். சரிதான் என்று இருந்தேன்.

"தண்ணி தெளிஞ்சிருக்கா?"

"இருக்குங்க மிஸ்."

ஒரு நாளைக்கு அவ்வளவுதான் பேச்சு. மாமா என்ற சொல் வரவில்லை. அவர் சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். ஆள் இல்லாத வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பழக்கம். ஆள் இருக்கிற வீட்டில் தனியாக இருந்து அப்போதுதான் பார்த்தேன்.

நாலாம் வாரம் பெரிய மழை. மண் சரிந்து பாதை மூடிவிட்டது. மூன்று மணிக்கு மிஸ் வரவில்லை. நாலு மணிக்கு என் போன் அடித்தது.

"பாதை இல்ல. இன்னைக்கு வர முடியாது."

"சரிங்க மிஸ்."

தகரத்தில் மழை விழுவது போனில் கேட்டது. நாள்தோறும் எண்ண வேண்டும். ஒரு நாள் விட்டால் செத்ததில் பூஞ்சணம் பிடித்து மற்றதற்கும் ஏறிவிடும். மாத்தியா கண்டியில். பங்களாவில் வேறு ஆள் இல்லை. இதெல்லாம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பூட்ட ஒடைங்க" என்றார்.

"ஒடைக்கவா?"

"ஒடைங்க. போன வைக்காதீங்க."

சுத்தியலால் மூன்று அடி. போனை மேசையில் வைத்து சத்தத்தைக் கூட்டினேன். குளிர் அலுமாரி, நடு அலுமாரி முடிந்தது. அவர் தட்டு நம்பரைச் சொல்வார், நான் எண்ணிச் சொல்வேன். சூட்டு அலுமாரியைத் திறந்தேன். முகத்தில் வெக்கை அடித்தது.

"மொதல் தட்டு?"

"எட்டு இருக்கு. மூணு போச்சு."

"ரெண்டு?"

"ஆறு. ஒண்ணு போச்சு."

அப்படியே போனது. ஒன்பதாம் தட்டுக்கு வந்தோம். முந்தின நாள் ஐந்து உயிரோடு என்று அவர் கையால் எழுதியிருந்தது. லென்சை வைத்தேன். நாலு வெள்ளை. ஐந்தாவது அசைகிற மாதிரி இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். என் மூச்சு பட்டுத்தான் ஈரம் அசைந்திருக்கிறது. அதுவும் போய்விட்டது.

"ஒன்பது?" என்று இரண்டாம் தடவை கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க மிஸ்."

"ஒண்ணுமேயா?"

"அஞ்சும் போச்சு."

"இன்னொரு தடவ பாருங்க."

பார்த்தேன். அவசரப்படவில்லை.

"அஞ்சும் போச்சு."

"எழுதுங்க" என்றார்.

அந்த மழையில் வைத்த பன்னிரண்டு தட்டும் முடிந்தது. செத்ததை எல்லாம் போத்தலில் போட்டு, சீட்டு எழுதி, வரிசையாக வைத்தேன். எண்ணினவர் என்ற கட்டத்தில் பென்சில் நின்றது.

"யாரு பேரப் போடட்டும் மிஸ்?"

"யாரு எண்ணுனாங்க?"

"நான்."

"அப்ப ஒங்க பேருதான்" என்றார். லைன் அறுந்துபோனது.

மறுநாளும் பாதை திறக்கவில்லை. லைனும் கிடைக்கவில்லை. யாரும் கேட்காமலே நான் எண்ணி எழுதினேன்.

மூன்றாம் நாள் மண் சரிந்த இடத்தை நடந்து கடந்து, ஒரு மரக்கறி லொறியில் ஏறி வந்தார். முழங்கால் வரை சேறு. செருப்பைக் கழற்றாமல் நேரே உள்ளே போனார். மேசையில் இரண்டு நாள் போத்தலும் வரிசையாக இருந்தன. கொட்டி எண்ணினால் என் எண்ணிக்கை சரியா பிழையா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் கதவோரம் நின்றேன்.

போத்தல்களைப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். என் இரண்டு வரிக்கும் கீழே அன்றைய திகதியை எழுதி, முதல் தட்டை எடுத்து எண்ணத் தொடங்கினார். போத்தலைத் தொடவில்லை.

எண்ணி முடித்து, லென்சைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வர்ற சனிக்கெழம வீட்டுக்குப் போகணும். அம்மாவுக்கு மேலுக்கு முடியல. நீங்க எண்ணிடுங்க."

"சரிங்க மிஸ்."

சனிக்கிழமை எண்ணினேன். சூட்டு அலுமாரியில் ஏழு செத்திருந்தது. ஏழு என்று எழுதினேன்.